பச்சோந்திக்கு லாரிப் பட்டறையில் கட்டிய வீடு

சென்ற மாதம் டாக்டர் நந்தினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நாமக்கல்லில் செல்லப்பிராணிகளுக்கென்று சிறிய மருத்துவமனை நடத்துகிறாள்; அரசு கால்நடை மருத்துவமனையில் எனக்கு உதவி மருத்துவராக இருந்தவள். எடுத்த எடுப்பில், "மேடம், இன்னைக்குக் காலையில வந்த கூட்டத்துல மாடே இல்ல. ஒரு இகுவானா, ஒரு முள்ளெலி, ஏதோ ஒரு ஆப்பிரிக்க ஆமை. ஆமையோட பேர் கவுதம்" என்றாள்.

"கவுதமுக்கு என்ன?"

"மலச்சிக்கல். அத விடுங்க. பச்சோந்தி வாங்கலாமா, என்ன கூண்டு, என்ன தீனின்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அந்தச் செங்கோட்டுவேல் ஊட்டுக் கதைய நீங்க எழுதிக் குடுத்தா சுவத்துல ஒட்டி வெச்சுருவேன்."

சுவரில் ஒட்டும் அளவுக்கு அடக்கமாக எழுத எனக்கு வராது. மாட்டு மருத்துவமனைகளில் உட்கார்ந்து பேசியே பழகியவள். ஆகவே இது நீளும்.

நான் படித்த காலத்தில் ஊர்வன என்பது பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. பரீட்சைக்கு வராது, அதனால் யாரும் படிக்க மாட்டோம். மாடு, எருமை, ஆடு, கோழி, கொஞ்சம் நாய் என்று கற்றுக்கொண்டு வெளியே வந்தோம். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கை வரை மாட்டுக்குள் கை விட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டவர்கள் எல்லாரும், கன்று வெளியே வந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வேலை கெங்கவல்லியில். அங்கேதான் முதன்முதலாக ஒரு பச்சோந்தியைப் பக்கத்தில் பார்த்தேன். மரவள்ளிக் காட்டிலிருந்து ஒரு விவசாயி, நீளமான குச்சியின் நுனியில் அதை ஏற்றிப் பிடித்தபடி சாலையெல்லாம் நடந்தே வந்துவிட்டார். குச்சியின் மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"டாக்டரம்மா, இது கடிச்சா ஆளு பொழைக்க மாட்டானாமே? ஊர்ல எல்லாரும் அடிச்சுப் போடுங்கறாங்க. எனக்கு மனசு வரல."

"விஷமெல்லாம் கிடையாதுங்க. பல்லிக்குச் சொந்தம்தான்."

"அப்ப நான்தான் பயந்து பயந்து வந்தேனா?" என்று அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே வேகமாகப் போனார். பயம் போனதாகத் தெரியவில்லை.

நம் ஊர்ப் பச்சோந்தியை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை மருத்துவமனை வாசலில் இருந்த வேப்ப மரத்தின் தாழ்ந்த கிளையில் விட்டேன். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன். அது தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் எங்கள் உதவியாளர் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது குழாயை மரத்தின் மேலும் பீய்ச்சினார். அவ்வளவுதான். பச்சோந்தி காற்றில் ஆடுகிற இலை மாதிரி முன்னும் பின்னும் அசைந்து அசைந்து வந்து, இலை நுனியில் தொங்கிய சொட்டை நக்கியது. அடுத்த சொட்டு. அடுத்தது. ஒரு கண் இலையைப் பார்த்தது. இன்னொரு கண் என்னைப் பார்த்தது. சாயங்காலம் வனக்காவலர் வந்து கொண்டுபோய் மலையடிவாரத்தில் விட்டார். அன்று முழுக்க நான் எத்தனை மாட்டைப் பார்த்தேன் என்று நினைவில்லை. அந்தச் சொட்டு மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு நாமக்கல். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்போம். மெலிந்த ஆள். மனிதர்களோடு மட்டுமல்ல, மாட்டோடும் 'ங்க' போட்டுப் பேசுவார். "கொஞ்சம் நகருங்க" என்பார் எருமையிடம். எருமையும் நகரும். வேலைக்காரர் கேட்டால் நகராது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கே போனாலும் முதலில் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்க மாட்டார். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பேச மாட்டார். கூட வந்தவர்கள் இருமுவார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் உட்கார்ந்திருப்பார். பிறகு மூன்று கேள்வி கேட்பார். என்ன தின்கிறது? எங்கே படுக்கிறது? படுத்துக்கொண்டு எதைப் பார்க்கிறது? முதல் இரண்டும் எல்லா மருத்துவர்களும் கேட்பதுதான். மூன்றாவதைக் கேட்டதும் பண்ணைக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்பது போல.

ஒரு பண்ணையில் முட்டை திடீரென்று குறைந்துவிட்டது. ஒரே ஷெட்டில் மட்டும். தீனியை மாற்றினார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள், தடுப்பூசிக்காரரைத் திட்டினார்கள். பெரிய டாக்டர் உள்ளே போய்ப் பக்கெட்டைக் கவிழ்த்தார். கோழிகளோடு கோழியாகத் தலையைத் தூக்கி அவை பார்க்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டின் அந்தக் கோடியில், தீவனத்துக்கு வரும் காக்காயை விரட்டவென்று கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பருந்து ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் இறக்கையை வேறு விரிக்கும்.

"ஏனுங்க, காக்கா வர்றது நின்னுதுங்களா?" என்று கேட்டார்.

"எங்கீங்க, அதும் மேலயே வந்து உக்காருதுங்க."

"கோழிக்கு அந்த அறிவு வரலீங்க. அதக் கழட்டிருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மருந்துச் சீட்டு கிடையாது. முட்டை பழையபடி வந்தது. அந்தப் பருந்தை அவர் வாங்கிவந்து தன் மேசை மேல் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அறைக்குள் நுழைகிற புதுப் பையன்கள் எல்லாரும் ஒரு நொடி கோழியாகிவிடுவார்கள்.

அவர் ஓய்வு பெற்றார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நந்தினியின் மருத்துவமனையில் காலை வேளைகளில் போய் உட்காரத் தொடங்கினேன். அப்போதுதான் செங்கோட்டுவேல் வந்தார்.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். உயரமான உடம்பு, கட்டைக் குரல். வேலையாட்கள் அவர் பைக் சத்தம் கேட்டாலே பீடியை அணைப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் ஒரு அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, சாமி சிலையைக் கொண்டுவருவது போல் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ராசா திங்க மாட்டேங்குதுங்க டாக்டரம்மா."

பெட்டிக்குள் ஒரு ஏமன் நாட்டுப் பச்சோந்தி. தலையில் கொண்டை போல் எழும்பிய எலும்பு. உடம்பு பச்சையாக இல்லை; கரும்பச்சை மேல் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள். கண்கள் குழி விழுந்திருந்தன. முன்கை ஒன்று வளைந்திருந்தது. குச்சியில் ஏற்றினோம்; பிடிக்க முடியாமல் சரிந்து நந்தினியின் உள்ளங்கையில் விழுந்தது.

செங்கோட்டுவேலின் மகள் நிவேதா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே முறைப்படி பதிவு செய்து வாங்கி வளர்த்தது. வேலை அதிகமாகி, பார்க்க முடியாமல், கொஞ்ச நாளைக்கு என்று அப்பாவிடம் விட்டுப் போயிருக்கிறாள். "இந்தக் கருமத்த ஆரு பாக்கறதுன்னு அன்னைக்குச் சத்தம் போட்டேனுங்க" என்றார் செங்கோட்டுவேல். பிறகு பெட்டிக்குள் குனிந்து, குரலே மாறி, "சாமி, டாக்டரம்மா வந்துட்டாங்க பாரு சாமி" என்றார்.

கூட வந்திருந்த அவர் மனைவி சரஸ்வதி கதவோரம் நின்றிருந்தார். "கல்யாணமாகி இத்தன வருசத்துல என்னைய ஒருநா சாமின்னு கூப்புட்டிருப்பாராங்க? கேட்டுப் பாருங்க" என்றார்.

"என்ன தீனி குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம கோழித் தீவனந்தானுங்க. மாவாக் கரைச்சு, அவிச்ச முட்டை மஞ்சக்கருவோட. ஏ-ஒன் தீவனமுங்க."

"அது கோழிங்களா?"

"இல்லீங்க."

நந்தினி ஊசியில் கால்சியமும் நீர்ச்சத்தும் ஏற்றினாள். நான் பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தேன். இந்த இனத்தில் ஆணுக்குப் பின்னங்குதிகாலில் சிறிய முள் போல் ஒன்று பிறவியிலேயே இருக்கும். இங்கே இல்லை. வயிற்றை விரலால் மெதுவாகத் தடவினேன். பட்டாணிப் பையைத் தொட்டது போல் இருந்தது.

"எக்ஸ்ரே எடுத்துடு" என்றேன் நந்தினியிடம்.

படம் வந்தது. எலும்புகள் பனிமூட்டத்தில் தெரியும் கம்பிவேலி மாதிரி மங்கலாக இருந்தன. அவற்றுக்குள்ளே, தெள்ளத் தெளிவாக, வயிறு நிறைய வட்ட வட்டமாக முட்டைகள்.

"இது ராசா இல்லீங்க. ராசாத்தி" என்றேன். "வயித்துல முட்டை இருக்குது. போட முடியாமத் தவிக்குது. அதான் இந்த நிறம்."

செங்கோட்டுவேல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கருப்பானா கோவம்னு நெனச்சேனுங்க. பச்சைன்னா சந்தோசம், மஞ்சள்னா பசி, கருப்புன்னா என்ற ஊட்டுக்காரி உள்ள வந்துட்டான்னு..." என்று இழுத்தவர், சட்டென்று, "அதெப்படீங்க? இது தனியாத்தானே இருக்குது. ஜோடி இல்லாம முட்டை எப்படீங்க வரும்?" என்றார்.

கதவோரத்திலிருந்து பதில் வந்தது. "உங்க பண்ணையில எத்தன சேவலு இருக்குதுங்க?"

நந்தினி சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே எதையோ தேடினாள். ஊரெங்கும் சேவலே இல்லாமல் முட்டை லாரி லாரியாகப் போகிற மாவட்டத்தில் கேட்கக் கூடாத கேள்விதான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எம்பட தொழிலே முட்டைங்க. எங்க ஊட்டுக்குள்ள ஒரு முட்டைக் கோழிய வெச்சுட்டு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

அடுத்தது சிரிக்கிற விஷயமல்ல. முட்டை போட மண் தோண்ட வேண்டும். தோண்ட கைகால்களில் வலு வேண்டும். வலுவுக்கு வேண்டிய கால்சியத்தை முட்டைகள் எலும்பிலிருந்து உறிஞ்சிவிட்டிருந்தன. அப்படியே விட்டால் முட்டை உள்ளேயே தங்கி ஆளைக் கொன்றுவிடும். "ஆபரேஷன் பண்ணிடலாம் மேடம்" என்றாள் நந்தினி. அவள் கை எனக்குத் தெரியும்; நல்ல கை. ஆனால் இந்த எலும்போடு மயக்க மருந்தைத் தாங்குமா? நானும் அவளும் அதுவரை ஒரு பச்சோந்தியின் வயிற்றைத் திறந்ததில்லை. வேறு ஊரில் ஊர்வனவற்றையே பார்க்கிற ஒரு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீடு எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க முதல்ல. தோண்ட மண் குடுத்தாங்களா?" என்றார். எனக்குப் பெரிய டாக்டர் பக்கெட்டோடு வந்து நின்றது போல் இருந்தது.

அன்று மதியமே செங்கோட்டுவேல் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஒரு மீன் தொட்டி. தண்ணீருக்குப் பதில் ஒரு காய்ந்த குச்சி, ஒரு பிளாஸ்டிக் கொடி, ஒரு கிண்ணம் தண்ணீர், மேலே ஒரு சாதாரண பல்பு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தேன். அது எதைப் பார்க்கிறது என்று பார்த்தேன். நாலு பக்கமும் கண்ணாடி. நாலு பக்கத்திலும் தன் பிம்பம். இந்தச் சாதிக்கு இன்னொரு பச்சோந்தியைக் கண்டாலே ஆகாது. விடிந்ததிலிருந்து அடைகிற வரை எதிரி நடுவே நின்றிருக்கிறது, பாவம். எதிரே டி.வி. மேலே மின்விசிறி. கிண்ணத்துத் தண்ணீரை அது பார்த்தே இருக்காது.

"இது மீனுக்கு ஊடுங்க. இதுக்கு மரம் வேணும். உயரமா, வலை போட்ட கூண்டு. காத்து உள்ள போய் வெளிய வரணும்" என்றேன்.

"எப்ப வேணுமுங்க?"

"நாளைக்கு."

வேறு ஊராக இருந்தால் திண்டாடியிருப்போம். நாமக்கல்லில் கூண்டு கட்ட ஆளுக்கா பஞ்சம்? செங்கோட்டுவேல் நேராக லாரிக்குப் பாடி கட்டும் தன் நண்பர் மாணிக்கத்தின் பட்டறைக்கு என்னை அழைத்துப் போனார். பாதி கட்டிய லாரிகளுக்கு நடுவில் மாணிக்கம் காதில் பென்சிலோடு அளவு கேட்டுக்கொண்டார்.

"எத்தன டன்னுங்க ஏத்தோணும்?"

"ஒரு முருங்கைக்காய் எடைதான் இருக்கும்."

அவர் என்னையும் நண்பரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் வேலை என்று வந்ததும் வேடிக்கை இல்லை. அகலத்தைவிட உயரம் இரட்டிப்பு. மரச் சட்டம், நகம் மாட்டாத மெல்லிய நைலான் வலை, முன்பக்கம் முழுக் கதவு, அடியில் தண்ணீர் வடிய ஒரு தகரத் தட்டு. மூலைகளை உளியால் மழுக்கி, கை வைத்துத் தடவிப் பார்த்தார். கடைசியில் டப்பாவைத் திறந்து பச்சைப் பெயின்ட்டைக் கலக்க ஆரம்பித்தார்.

"பெயின்ட் வேண்டாங்க. வாசம் அதுக்கு ஆகாது."

"பெயின்ட் இல்லாமயா? பின்னால ஒண்ணும் எழுதாமயா? எங்க பட்டறையில இருந்து அப்படி ஒரு பாடி வெளிய போனதில்லீங்களே!" மனிதருக்கு நிஜமாகவே மனசு வலித்தது. நான் அசையவில்லை என்றதும் உளியை எடுத்துக்கொண்டு கூண்டின் பின்பக்கம் உட்கார்ந்தார். மறுநாள் காலை கூண்டு வந்தபோது அடிச்சட்டத்தில் அழகான எழுத்தில் செதுக்கியிருந்தது: ஒலி எழுப்பாதீர்.

கூடத்தை விட்டு, கிழக்குப் பார்த்த சின்ன அறையில், ஒரு மேசை மேல் கூண்டை வைத்தோம். பச்சோந்திக்குத் தான் உயரத்தில் இருக்கிறோம் என்றால்தான் நிம்மதி. தலைக்கு மேல் மனிதர்கள் நடமாடினால் சாப்பாடு இறங்காது. கொண்டப்பநாயக்கன்பட்டி நர்சரியிலிருந்து செம்பருத்தியும் மணிபிளான்ட்டும் நந்தினி வாங்கி வந்தாள். இலை இலையாகக் கழுவி, மருந்து அடித்த மேல் மண்ணை மாற்றி உள்ளே வைத்தோம். விரல் பருமனுள்ள கொய்யாக் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். உச்சிக் கிளைக்கு மேல், வலைக்கு வெளியே, குளிர்காய ஒரு பல்பு. அங்கே கையை நீட்டினால் காலை வெயில் மாதிரி இதமாக இருக்க வேண்டும். சுட்டால் பல்பு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கீழே வர வரக் குளிர்ந்துகொண்டே போக வேண்டும். எது வேண்டுமோ அதை அதுவே தேர்ந்துகொள்ளும். அது தை மாதம், அதனால் பல்பு. சித்திரையில் நம் ஊரில் பல்பு எதற்கு? சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டி வரும்.

எலும்புக்குக் கால்சியம் மட்டும் போதாது. அது எலும்பில் சேர வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வேண்டும். சாதாரண பல்பில் அது கிடையாது. ஜன்னல் கண்ணாடியும் தடுத்துவிடும். அதற்கென்றே உள்ள ட்யூப் லைட்டை வாங்கிக்கொண்டு மறுநாள் வருவதாக நிவேதா பெங்களூரிலிருந்து சொல்லியிருந்தாள். அவள் வரும்வரை காலையில் கூண்டை அப்படியே வாசலுக்குத் தூக்கிப்போய், பாதி வெயிலிலும் பாதி நிழலிலுமாக வைத்தோம். பண்ணை வேலையாட்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். முதலாளி கூண்டின் பக்கத்தில் குந்திக்கொண்டு, "இந்தப் பக்கம் வா சாமி, வெயிலு இங்கிருக்குது" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

தண்ணீருக்கு நான் மருத்துவமனையிலிருந்து ஒரு புதிய சலைன் குழாயை எடுத்துப் போயிருந்தேன். கூண்டின் உச்சியில் ஒரு திருகு கொக்கியை மாட்டி, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, குழாயைத் திருகி, செம்பருத்தி இலை மேல் சொட்டுச் சொட்டாக விழ வைத்தேன்.

"அய்யோ, குளுக்கோஸ் ஏத்தறீங்களா?" என்று பதறினார் செங்கோட்டுவேல்.

"தண்ணிதாங்க. இது கிண்ணத்துல குடிக்காது. சொட்டறதத்தான் குடிக்கும். காலையிலயும் சாயங்காலமும் இலையெல்லாம் நனையற மாதிரி ஸ்பிரேயர்ல அடிங்க. புது ஸ்பிரேயர். பூச்சி மருந்து அடிச்சது ஆகாது."

ராசாத்தி இலையருகே வந்தது. ஒரு கண் சொட்டைப் பார்த்தது. நாக்கு வெளியே வந்தது. அது குடித்துக்கொண்டே இருந்தது. செங்கோட்டுவேலின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

தீனிக்கு வந்தோம். "இதுக்கு உயிரோட பூச்சி வேணும். சுவர்க்கோழி" என்றேன். வீட்டு மூலையில் கீச்கீச்சென்று கத்துமே, அந்தப் பூச்சி.

சரஸ்வதி தலையில் கை வைத்துக்கொண்டார். "கோழி வளத்தது போதாதுன்னு இப்ப சுவர்க்கோழியுமா?"

ஆனால் வளர்த்தது அவர்தான். தோட்டத்தில் பிடிக்கலாமே என்ற கணவரிடம், "அங்க மருந்தடிச்சிருக்குதுங்க, வெசம்" என்று முதலில் சொன்னதும் அவர்தான். பூச்சியைக் கடையில் வாங்கி, மூடியில் வலை ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் விட வேண்டும். ஒளிந்துகொள்ள முட்டை அட்டை வேண்டும் என்றேன். முட்டை அட்டை! அந்த வீட்டில் உட்காரும் இடம் தவிர எல்லா இடத்திலும் அதுதான். பூச்சிக்கு முருங்கைக் கீரையும் காரட்டும் போட வேண்டும். பூச்சி தின்பதைத்தான் பச்சோந்தி தின்கிறது. கொடுக்குமுன் ஒரு பையில் போட்டு, கால்சியம் பவுடரைத் தூவி ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும். பண்ணையில் மலை போல் குவிந்திருந்த கிளிஞ்சலை அரைத்துத் தரட்டுமா என்றார் செங்கோட்டுவேல். வேண்டாம், பாஸ்பரஸ் கலக்காத மெல்லிய மருந்துப் பவுடர்தான் வேண்டும் என்றேன். குலுக்கிய பூச்சி வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. "பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளையாட்டம் இருக்குதுங்க" என்றார் சரஸ்வதி.

மாப்பிள்ளையை ராசாத்தி பார்த்தது. நாக்கை நீட்ட முயன்றது. பாதி வழியில் நாக்கு துவண்டு விழுந்தது.

கடைசியாக மண். கூண்டுக்குள் அடியில் வைக்க ஒரு ஆழமான பக்கெட் நிறைய ஈர மணல். எம்-சாண்ட் ஆகாது, கூர் கூராக இருக்கும். ஆற்று மணல்தான் வேண்டும் என்றேன். இந்தக் காலத்தில் ஆற்று மணல் கேட்பதும் குங்குமப்பூ கேட்பதும் ஒன்று. செங்கோட்டுவேல் ஒரு பக்கெட்டோடு பக்கத்துத் தோட்டங்களில் ஏறி இறங்கி, யாரோ முன்பு வீடு கட்டியபோது மீந்த குவியலிலிருந்து வாங்கி வந்தார். மணலைக் கழுவி, பதம் பார்த்தேன். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. தோண்டும் சுரங்கம் இடிந்து விழாத பதம்.

"புட்டு மாவுப் பதமுங்க" என்றார் சரஸ்வதி ஒரு கை எடுத்துப் பார்த்துவிட்டு. அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

"இனி முக்கியமான சேதி. தோண்டும்போது யாராவது பாக்கறாங்கன்னு தெரிஞ்சா நிறுத்திரும். மறுபடி தோண்டாமயே போனாலும் போகும். யாரும் அறைக்குள்ள போகக் கூடாது" என்று, கூண்டின் மூன்று பக்கமும் வேட்டியைக் கட்டி மறைத்தேன். நாளை மறுநாள் காலை வரை பொறுப்போம், அதற்குள் தோண்டாவிட்டாலோ இன்னும் துவண்டாலோ ஆபரேஷன் என்று நந்தினியும் நானும் பேசி வைத்தோம். இருவருக்குமே அது சரியா என்று தெரியாது. காத்திருப்பது வைத்தியமா, கோழைத்தனமா என்று என் தொழில் காலம் முழுக்க எனக்குத் தீர்ந்ததில்லை.

மறுநாள் காலையில் சரஸ்வதி போன் செய்தார். "தோண்டுச்சுங்க டாக்டரம்மா. மண்ணு சரசரன்னு கேட்டுது. அப்புறம் நின்னு போச்சுங்க."

"ஏன்?"

"இவரு வேட்டிய ஒதுக்கிப் பாத்துட்டாருங்க."

நான் போனபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு சுருங்கிப் போயிருந்தது. ராசாத்தி அரைகுறைக் குழியை விட்டுவிட்டுக் கிளைக்கு ஏறி, கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பகலில் பச்சோந்தி கண்ணை மூடினால் நல்ல அறிகுறி இல்லை. நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"பண்ணையில கோழி செத்தா அடுத்த வேலையப் பாத்துட்டுப் போயிருவனுங்க" என்றார் தரையைப் பார்த்தபடி. "அது தொழிலுங்க. இது... புள்ள ஊருக்குப் போன பொறவு ஊட்டுல பேச்சே இல்லீங்க. இதுகூடத்தான் பேசிட்டிருந்தேன். உள்ள என்ன ஆச்சோன்னு கை நிக்கலீங்க."

"பண்ணைக்குப் போங்க. நான் சொல்ற வரைக்கும் ஊட்டுப் பக்கம் வராதீங்க" என்று மட்டும் சொன்னேன். இன்னொரு கால்சியம் ஊசி போட்டு, இலைகளை நனைத்து, வேட்டியைக் குண்டூசியால் குத்தி மூடினேன்.

நிவேதா அன்று மதியம் ட்யூப் லைட்டோடு வந்து சேர்ந்தாள். நாங்கள் மூன்று பெண்களும் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, மிக்ஸி போடாமல், டி.வி. போடாமல், குழம்பு தாளித்தால் சத்தம் வருமென்று மோரும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டோம். பண்ணையிலிருந்து போன் வந்தபடியே இருந்தது. கடைசியில் சரஸ்வதி எடுத்து, "இங்க ஒருத்தி பிரசவ வலியில இருக்கறா. இன்னொருக்கா போன் பண்ணுனீங்க, நானே பண்ணைக்கு வந்துருவேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தார்.

அப்போது கேட்டது. மணல் பிறாண்டும் மெல்லிய சத்தம். நிற்கும், நாங்கள் மூச்சை நிறுத்துவோம். மறுபடி கேட்கும். வெயில் சாய்ந்து சமையலறைச் சுவரில் ஏறும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். என் கால் மரத்துப் போயிருந்தது. அசைக்கப் பயமாக இருந்தது. பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு வேறு மாதிரி ஒரு சத்தம்: தட்டித் தட்டி, அழுத்தி அழுத்தி. எனக்குப் புரிந்தது. குழியை மூடுகிறது. போட்டுவிட்டால்தான் மூடும்.

ராசாத்தி மேலே ஏறி வந்தபோது மூக்கெல்லாம் மணல். வயிறு காலிப் பை போல் ஒட்டியிருந்தது. கருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, வெளிறிய பச்சை எழுந்தது. சொட்டின் கீழே போய் நின்று குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. நிவேதா அழுதாள். சரஸ்வதி போனை எடுத்து, "வயிறு காலியாயிருச்சுங்க, வாங்க" என்றார். பைக் சத்தம் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. செங்கோட்டுவேல் அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஒலி எழுப்பாமல்.

மணலைக் கிளறி முட்டைகளை எடுத்தபோது ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொழில் பழக்கம். "ஓடு மெல்லிசுங்க" என்றார். கரு இல்லாத முட்டைகள், பொரிக்காது என்றேன். தெரியுமுங்க என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு வேலை மெதுவானது. தினமும் ட்யூப் வெளிச்சம், பவுடர் பூச்சி, இலைச் சொட்டு. முட்டை அடுத்தடுத்து வராமலிருக்கத் தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, பல்பின் சூட்டையும் குறைத்தோம். தாடை கெட்டிப்பட்டது. ஒரு காலையில் நாக்கு கூண்டின் பாதி அகலத்தைத் தாண்டிப் பாய்ந்து பூச்சியை அடித்துக்கொண்டு போனது என்று செங்கோட்டுவேலும் சரஸ்வதியும் தனித்தனியாக எனக்குப் போன் செய்தார்கள். வளைந்த கை மட்டும் நிமிரவில்லை. அது நிமிராது, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். வளைந்த கையோடே செம்பருத்தியின் உச்சிக்கு ஏறப் பழகிக்கொண்டது.

ராசாத்தி நன்றாகத் தேறியதும் நிவேதா மறுபடி ஊருக்கு வந்தாள். இப்போது வேலை நேரம் மாறிவிட்டது, தானே கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். என்னை வரச் சொல்லியிருந்தார்கள். பயணம் தாங்குமா என்று நான்தான் சொல்ல வேண்டும். செங்கோட்டுவேல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாங்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது பொய்.

"தாங்குங்க. துணி போட்ட பெட்டியில, குளுந்த நேரத்துல கொண்டு போலாம்" என்றேன்.

அவர் திருப்புளியை எடுத்து வந்தார். ட்யூபைக் கழற்றினார். பாட்டிலை இறக்கினார். கொக்கியைத் திருகி எடுத்தார். எடுத்தபடியே மகளிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"இத பாரு கண்ணு. சொட்டு ரொம்ப வேகமா உளுகக் கூடாது, சுவர்க் கடியாரம் அடிக்கற மாதிரி உளுகோணும். ஸ்பிரே அடிக்கறப்ப மூஞ்சியில அடிச்சராத, கோவிச்சுக்கும். பூச்சிக்குக் கீரை தண்டோட போடாத, எலைய மட்டும் உருவிப் போடு. பவுடரு ரொம்ப ஒட்டுனா ஒதறிரு. புள்ளி ஏற ஆரம்பிச்சா மண்ணு வெச்சரோணும், புட்டு மாவுப் பதம், உங்கம்மாளக் கேட்டுக்க. சித்திரையில சாக்கு நனைக்கோணும், காயக் காய நனைக்கோணும். பின்னால இருந்து கைய நீட்டாத. கீழ இருந்து நீட்டு, அதுவா ஏறும்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். நிவேதா முதலில் தலையாட்டினாள். பிறகு தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள்.

"அப்பா, இவ்வளவும் என்னால முடியாதுப்பா. ராசாத்தி இங்கயே இருக்கட்டும். நான் மாசாமாசம் வந்து பாத்துக்கறேன்."

"அதுக்கில்ல கண்ணு. ஒண்ணும் கஷ்டமில்ல, இன்னொருக்கா மொதல்ல இருந்து சொல்றேன் கேளு" என்றார் செங்கோட்டுவேல். சொல்லும்போதே அவர் கை கொக்கியைக் கூண்டின் உச்சியில் திரும்பத் திருகிக்கொண்டிருந்தது.